மரக்கட்டை, விறகு நகர்த்தும் கைக்கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்து முடித்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் நின்ற மரத்தைவிட விழுந்த மரம் அதிகம். மரம் அறுக்கும் மெஷின் வாடகைக்குக் கிடைத்தது. அறுத்த கட்டையை நகர்த்துவதற்குத்தான் ஆளும் இல்லை, வழியும் தெரியவில்லை. விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து யார் வீட்டில் மரம் சாய்ந்தாலும் எனக்குப் போன் வருகிறது, கேள்விகளும் ஏறக்குறைய அவையேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மரம் வெட்டுவது பற்றி இதில் எதுவும் இல்லை. வெட்டிய பிறகு நகர்த்துவது மட்டும்.

கடப்பாரையும் கோடாலியும் வீட்டில் இருக்கு. அது போதாதா? எதுக்கு இன்னும் வாங்கச் சொல்றீங்க?

பல வீட்டுக்குப் போதும். வருஷத்துக்கு ஒரு முருங்கை சாய்ந்து, ஒரு வேப்பங்கிளை ஒடிந்தால், கடப்பாரையும் நல்ல கயிறும் இரண்டு ஆளும் இருந்தால் வேலை முடிந்தது. ஐந்தடிக் கடப்பாரையில் நுனியிலிருந்து அரையடி தள்ளி ஒரு கல்லை அண்டை கொடுத்து நெம்பினால், நீங்கள் கொடுக்கும் அழுத்தம் ஒன்பது மடங்காகிறது. 30 கிலோ அழுத்தினால் 270 கிலோ கிளம்பும். இதைவிடச் சல்லிசான கருவி கிடையாது.

ஆனால் கடப்பாரை கட்டையைக் கிளப்புமே தவிர, பிடித்துக்கொள்ளாது. கிளம்பிய கட்டை அரைச் சுற்று உருண்டு பழைய இடத்துக்கே திரும்பி வரும். இன்னொருவர் கல்லோடு ஓடிவந்து அண்டை கொடுக்க வேண்டும், அந்த அவசரத்தில்தான் விரல் நசுங்கும். நாள் முழுக்க இருபது கட்டை நகர்த்தப் போகிறீர்கள் என்றால், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் கருவி ஒன்று வேண்டும்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டையை உருட்ட முடியுமா? முடியாவிட்டால் இழுக்க முடியுமா? இரண்டும் முடியாதபோதுதான் தூக்குவது. கருவியையும் அந்த வரிசையில்தான் வாங்க வேண்டும். பெரும்பாலோர் தூக்கும் கருவியை முதலில் தேடுகிறார்கள்.

ஒரு கட்டையைப் பார்த்ததும் எவ்வளவு எடை இருக்கும்னு எப்படிக் கணிக்கறது?

பச்சை மரத்தைத் தண்ணீரின் எடைக்குச் சமமாக வைத்துக் கணக்குப் போட்டால் பெரிய பிசகு வராது. குறுக்களவை அடியில் எடுங்கள். அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 22-ஆல் பெருக்குங்கள். கிலோ வந்துவிடும். ஓரடி குறுக்களவு, பத்தடி நீளம் என்றால் 220 கிலோ. குறுக்களவு எடுக்க வசதி இல்லாவிட்டால் சுற்றளவை அளந்து மூன்றேகாலுக்குச் சற்றுக் குறைவாக வகுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு விஷயம் பலருக்கு உறைப்பதில்லை. குறுக்களவு கொஞ்சம் கூடினால் எடை நிறையக் கூடும். ஒன்றரையடி குறுக்களவில் நாலடித் துண்டு வெறும் குட்டைக் கட்டையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். கணக்குப் போட்டால் 198 கிலோ. மேலே சொன்ன பத்தடிக் கட்டைக்குக் கிட்டத்தட்டச் சமம். ஓரடி கனமுள்ள 40 அடித் தென்னை 880 கிலோ வரும். அதையே எட்டாக அறுத்தால் துண்டு 110 கிலோ, ஒரு ஆள் உருட்டலாம். அதனால் எங்கே அறுப்பது என்று முடிவு செய்வதே பாதி வேலை. அறுப்பவர் தன் வசதிக்கு அறுத்துவிட்டுப் போய்விடுவார், பக்கத்தில் நின்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேன்ட் ஹுக், பீவி ரெண்டும் ஒண்ணுதானா? நம்ம ஊர்ல அதுக்குப் பேர் இருக்கா?

அண்ணன் தம்பி. நாலடிக் காம்பு, அதன் கீழ்ப்பக்கம் கீலில் ஆடும் ஒரு வளைந்த கொக்கி. கொக்கி கட்டையின் மறுபக்கம் விழுந்து கவ்வும், காம்பைத் தள்ளினால் கட்டை உருளும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுகும். விட்டால் தானே கழன்றுவிடும். கேன்ட் ஹுக்கில் காம்பின் முனை மொட்டையாக, ஒரு சின்ன உதட்டோடு இருக்கும். பீவியில் முனை ஈட்டிபோல் கூர். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜோசப் பீவி என்ற கொல்லர் 1850களில் செய்தது. ஆற்றில் மிதக்கும் கட்டைகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களின் பழைய கருவியில் கொக்கி பக்கவாட்டில் ஆடி ஆடி நழுவுவதைப் பார்த்து, அது மேலும் கீழும் மட்டும் ஆடும்படி பட்டை போட்டுக் கட்டினாராம். அவர் பேரே கருவிக்கு நின்றுவிட்டது.

நமக்கு ஆற்று வேலை இல்லை, கேன்ட் ஹுக் போதும். பீவியின் கூர்முனை களிமண்ணில் இறங்கி மாட்டிக்கொள்ளும். எங்களுக்குச் செய்து தந்த பட்டறைக்காரர் இதற்கு ‘உருட்டுக்கொக்கி’ என்று பேர் வைத்துவிட்டார். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

யூடியூப்ல கோடாலி மாதிரி ஒண்ணு, மூக்கு வளைஞ்சு இருக்கு. அதால விறகைக் குத்திக் குத்தி எடுக்கறாங்க. அது என்ன?

பிக்கரூன். நாங்கள் ‘கொத்தி’ என்கிறோம். கோடாலிக் காம்பில் பருந்தின் அலகு மாதிரி ஒரு கூர். ஜப்பான்காரர்களிடமும் இதே வகைக் கருவி உண்டு. அதன் பேரான டோபிகுச்சி என்பதற்குப் பருந்தின் வாய் என்றே பொருள். கட்டையின் வெட்டுமுகத்தில் ஒரு கொத்து, இழு, வண்டியில் போடு. குனிய வேண்டாம், கட்டைக்கு அடியில் விரலை விட வேண்டாம்.

நம் ஊருக்கு இதனால் இன்னொரு லாபம் இருக்கிறது. மழைக்குப் பிறகு விறகு அடுக்கில் கட்டுவிரியன், தேள், பூரான் எல்லாம் குடியிருக்கும். மேல் வரிசையைக் கொத்தியால் இழுத்துத் தள்ளிவிட்டுப் பார்த்து எடுப்பது, கையை விட்டு எடுப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். விறகு அடுப்புள்ள சமையல்கூடம், கல்யாண மண்டபம், செங்கல் சூளை வைத்திருப்பவர்கள் வேறு எதையும் வாங்காவிட்டாலும் இதை வாங்கலாம்.

கோடாலியாலேயே கொத்தி இழுத்தா ஆகாதா?

இழுக்கலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். கோடாலி பிளப்பதற்கு வடித்த வாய். அது இறங்கினால் சிக்கிக்கொள்ளும், இறங்காவிட்டால் பாதி தூக்கும்போது நழுவிக் காலில் விழும். நழுவாமல் சிக்கியதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கும்போது காம்பு, தலையில் அது நுழையும் துளைக்குப் பக்கத்தில் விட்டுப்போகும். கொத்தியின் மூக்கு காம்பை நோக்கி வளைந்திருப்பதால் இழுக்கும்போது பிடிக்கும், ஒரு திருப்புத் திருப்பினால் விடும்.

காம்பு எவ்வளவு நீளம் வைக்கலாம்?

உருட்டுக்கொக்கிக்கு நாலடி. ஓரடிக்கு உள்ளான கட்டைகள் மட்டும் என்றால் மூன்றடி போதும். ஐந்தடி வைத்தால் பலம் கூடும், ஆனால் தென்னைக்கும் தென்னைக்கும் நடுவில் காம்பு சுழல இடம் இல்லாமல் திண்டாடுவீர்கள்.

கொத்திக்கு உங்கள் உயரம்தான் அளவு. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கொத்தியின் தலை ஏறக்குறையத் தரையை எட்ட வேண்டும். இரண்டரை அடியிலிருந்து மூன்றடிக்குள் அடங்கிவிடும். கடையில் கிடைக்கும் ஒன்றேகால் அடிக் குட்டைக் கொத்தியை வாங்கிவிட்டு இடுப்பு வலிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அது வண்டிமேல் நின்று விறகு அடுக்குபவருக்கானது. தரையில் நிற்பவருக்கு அல்ல.

மரம்: நன்றாகக் காய்ந்த கருவேலங்கம்பு, கணு இல்லாமல், நரம்பு நெடுக்கே ஓடுவதாகப் பார்த்து. இரும்புக் குழாயைக் காம்பாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். வளைந்தால் வளைந்ததுதான், வெயிலில் பிடிக்கவும் முடியாது.

இடுக்கி மாதிரி ரெண்டு பக்கமும் கவ்வித் தூக்கறது இருக்கே, அது வாங்கலாமா?

வகை இரண்டு. ஒரு கையால் பிடிக்கும் சின்ன விறகு இடுக்கி, அரையடி கனத்துக்கு உட்பட்ட துண்டுகளுக்கு. மேலே இழுக்க இழுக்க வாய் இறுகும். ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் கொத்தி என்று வைத்துக்கொண்டு வேலை செய்தால் வேகமாகப் போகும்.

இன்னொன்று இரண்டு ஆள் பிடிக்கும் பெரிய இடுக்கி. நடுவில் தொங்கும் கவ்வியில் கட்டை, இரு பக்கமும் கம்பு. இதற்கு நான் பணம் செலவழிக்க மாட்டேன். நார்க்கயிற்றில் இரண்டு சுருக்குப் போட்டு, கல்மூங்கிலை நடுவில் நுழைத்து, ஆளுக்கொரு பக்கம் தோளில் வைத்தால் அதே வேலை நடக்கும். அந்த மூங்கில் கீறல் விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தென்னங்கட்டைதான். வீடியோவில் பார்க்கிற மாதிரி கொக்கி பிடிக்கவே இல்லையே?

பிடிக்காது, காரணம் இருக்கிறது. மற்ற மரத்தில் நடு கெட்டி. தென்னை, பனையில் ஓரம் கெட்டி, நடு சோறு. உரிக்கிற மாதிரிப் பட்டையும் கிடையாது. மழுங்கிய கொக்கி அந்த ஓரத்தில் வழுக்கும், கூரானது இறங்கிப் பிடிக்கும். அதனால் தென்னைக்கு உருட்டுக்கொக்கியின் நுனியைக் கொஞ்சம் நீளமாகவும் கூராகவும் வடிக்கச் சொல்லுங்கள். கொத்தியை வெட்டுமுகத்தின் நடுவில் போட்டால் நார்தான் பிய்ந்து வரும். ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே, கருநிறமாகத் தெரியும் இடத்தில் போடுங்கள்.

அப்புறம், தென்னஞ்சிலாம்பு. வெட்டுமுகத்தைத் தடவினால் ஊசி ஊசியாக ஏறும், ஏறினால் சீழ் வைக்கும். தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். துணிக் கையுறை தடுக்காது.

நமக்கு சீமைக்கருவேலம்தான் விறகு. முள்ளுக்கு என்ன கருவி?

இதற்கு அமெரிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நம் பெரியவர்களிடம் கவை இருக்கிறது. ஆறடிக் கம்பு, நுனியில் இயற்கையாகப் பிரிந்த கவட்டை. ஒரு கையில் கவையால் முள்ளை அழுத்திக்கொண்டு, மறு கையில் நீளக் காம்பு போட்ட அரிவாளால் கழிப்பது, கழித்த முள்ளைக் கவையாலேயே ஒதுக்குவது. முள்கட்டு முழுவதையும் கவையில் குத்தித் தலைக்கு மேலே தூக்கிப் போவார்கள், பார்த்திருப்பீர்கள்.

சீமைக்கருவேலங்கட்டை நேராக இருக்காது. கோணல் கட்டை உருளாது, உருண்டாலும் நினைத்த பக்கம் போகாது. இதில் உருட்டுக்கொக்கிக்குப் போட்ட காசு வீண். கொத்தியும் கவையும் போதும். செருப்புப் போட்டுக்கொண்டு இந்த வேலைக்குப் போகாதீர்கள். முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு வரும்.

ஆன்லைன்ல வாங்கறதா, பட்டறையில அடிக்கறதா?

கொத்தியும் இடுக்கியும் ஆன்லைனில் கிடைக்கின்றன. ஹுஸ்க்வர்னா, ஃபிஸ்கார்ஸ் மாதிரி வட ஐரோப்பியக் கம்பெனிகளின் சரக்கு நன்றாக இருக்கும், விலையும் அதற்கேற்ப. உருட்டுக்கொக்கியைப் பட்டறையில் அடிப்பதுதான் என் கட்சி. உங்கள் தோப்பில் இருக்கும் மரத்தின் கனத்துக்கு ஏற்பக் கொக்கியின் வளைவை அளந்து செய்யலாம். கொக்கி பெரிதாகி மரம் சிறிதானால் கவ்வாது, சும்மா சுற்றி வரும். சராசரிக் கட்டை ஒன்றை அறுத்து வில்லையாக எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். படம் வரைந்து காட்டுவதைவிட அது நல்லது.

இரும்பு விஷயத்தில் கறாராக இருங்கள். அரிவாள் அடிக்கிற லாரி ஸ்பிரிங் பட்டை கொக்கிக்கு ஏற்றது. கட்டடக் கம்பியை வளைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், நாலு கட்டையில் நிமிர்ந்துவிடும். ஸ்பிரிங் பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டவும் விடாதீர்கள். வெல்டிங் சூட்டில் ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு நொறுங்கும் பதத்துக்குப் போய், திடீரென்று முறியும். எனக்கு முதலில் ஒருவர் செய்து தந்தது அப்படித்தான் இரண்டாம் நாளே போனது. துளை போட்டு போல்ட்டில் மாட்டுவதே சரி. கீலில் கொக்கி தானாக விழுகிற அளவுக்குத் தளர்வு இருக்கட்டும்.

சேறு, வரப்பு, வாய்க்கால். உருட்டவே வழியில்லாத இடத்தில் என்ன செய்யறது?

தரையை மாற்ற வேண்டும். இரண்டு நீளச் சவுக்குக்கம்பைத் தண்டவாளம்போலப் போட்டால் கட்டை அதன்மேல் உருளும், வாய்க்காலைக்கூடத் தாண்டும். இழுப்பதானால் வாழைமட்டையைக் குறுக்கே போடுங்கள். பச்சை மட்டையின் வழுவழுப்புக்கு ஈடான கிரீஸ் கடையில் இல்லை. கெட்டித்தரையில் இரும்புக் குழாய் மூன்று இருந்தால், பின்னால் வெளியே வரும் குழாயை எடுத்து முன்னால் போட்டுப் போட்டு இரண்டு பேரே நகர்த்தலாம்.

கட்டையோடு நகரும்படி ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் முடிந்து மறு நுனியை இழுத்தால், இழுக்க வேண்டிய பலம் ஏறக்குறையப் பாதியாகும். கயிறு இரண்டு பங்கு இழுக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

கை வின்ச் வாங்கினா எல்லாப் பிரச்சினையும் தீருமே?

பிடியைச் சுற்றிக் கயிற்றை இழுக்கும் அந்தக் கருவியால் தீரும், புதிதாக ஒன்று சேரும். விசையேறிய கயிறு அறுந்தால் சாட்டைபோல வரும். நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீண்டுவிட்டு அறுவதால் இன்னும் மோசம். கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, குறுக்கே தாண்டவும் கூடாது. செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) என்றால் அதன்மேல் எழுதியிருக்கும் டன் அளவை நம்புங்கள், அதைக் கட்டியிருக்கும் தென்னையை நம்பாதீர்கள். புயலில் ஆடிய தென்னைக்கு வேர் பாதிதான் இருக்கும்.

வேரோடு சாய்ந்து மண்ணும் வேரும் தட்டுபோல நிற்கிற மரத்தை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். தண்டை அறுத்ததும் அந்தத் தட்டு பழைய குழிக்கே படாரென்று திரும்பும்.

அப்பாவுக்கு 65 வயசு. தனியா விறகு தூக்கறதை விடமாட்டேங்கறார். எவ்வளவு வரைக்கும் தூக்கலாம்?

பிரிட்டன் அரசின் பணிப் பாதுகாப்பு அமைப்பு ஒரு வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டி என்றால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16. அதையே தரையிலிருந்து தூக்குவதானால் 10-ம் 7-ம். பாதிக்கும் கீழே! இது வேலை செய்கிற வயதுக்காரர்களுக்கான கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மூட்டை தூக்குகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்தான், அவர்கள் இடுப்பைக் கேட்டால் சிரிக்காது.

அப்பாவைத் தடுத்துப் பார்த்து நான் ஜெயித்ததில்லை. தரை மட்டத்தை உயர்த்துவதுதான் வழி. விறகு பிளக்க அடியில் வைக்கும் கட்டையை முழங்காலுக்குச் சற்று மேலே வரும்படி வையுங்கள், விறகடுக்கை ஒன்றரையடித் திண்ணைமேல் போடுங்கள், கையில் மேலே சொன்ன இடுக்கியைக் கொடுங்கள். குனியும் எண்ணிக்கை குறைந்தால் போதும்.

அம்மா தலைச்சுமையாத்தான் கொண்டு வர்றாங்க. தள்ளுவண்டி வாங்கித் தரலாமா?

பாதை எப்படி என்று பாருங்கள். ஒற்றையடிப் பாதை, வரப்பு என்றால் சும்மாட்டை மிஞ்ச வண்டி கிடையாது. சுமையைச் சிறிதாக்கி இரண்டு நடை போகச் சொல்லலாம். வண்டிப்பாதை இருந்தால், சித்தாள் வேலைக்கு வரும் ஒற்றைச் சக்கர வண்டியே போதும், காற்றடைத்த அகலச் சக்கரமாக. கனமான கட்டைகளைச் சக்கரத்துக்கு மேலே வரும்படி முன்னால் அடுக்க வேண்டும். கைப்பக்கம் அடுக்கினால் பாதி எடை அம்மாவின் கையில்தான்.

சரிவில் உருட்டும்போது கட்டை என் பக்கமே திரும்பி வந்தா, கம்பை விடணுமா பிடிக்கணுமா?

விடணும். கருவியைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலகுங்கள். பின்னால் ஓடாதீர்கள், கட்டையும் அந்தப் பக்கம்தான் வருகிறது. திரும்பும் கட்டையோடு உருட்டுக்கொக்கியின் காம்பும் சுழன்று வந்து தாடையில் அடிக்கும். 2018-ல் நான் விடாமல் பிடித்துத்தான் இடது கால் பெருவிரல் நகத்தைப் பறிகொடுத்தேன். கட்டை வெறும் 60 கிலோதான் இருக்கும்.

சரிவில் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். கட்டையைப் பள்ளத்துப் பக்கம் இருந்து ஏந்தி இறக்குவது வேண்டாத வீரம். ஆனைமலையில் டாப்சிலிப் என்ற பெயரே, உச்சியிலிருந்து தேக்கு மரங்களைக் கீழே சறுக்கிவிட்ட இடம் என்பதால் வந்தது. யானை வைத்திருந்தவர்களே சரிவில் மரத்தைத் தானாகப் போகவிட்டார்கள். கீழே ஆள், மாடு, குழந்தை யாரும் இல்லையென்று மட்டும் நிச்சயம் செய்துகொண்டு விடுங்கள்.

கொக்கிக்கும் கொத்திக்கும் சாணை பிடிக்கணுமா?

சாணை வேண்டாம், சூடேறிப் பதம் போய்விடும். தட்டை அரத்தால் மாதம் ஒருமுறை நாலு இழுப்பு. அரிவாள்போலக் கூராக்கவும் வேண்டாம், மெல்லிய நுனி முறியும். மழைக்காலத்தில் கீலுக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய்.

பக்கத்துத் தோப்புக்காரர் இரவல் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுங்கள், நீங்களும் கூடப் போங்கள். நீங்கள் போகாவிட்டால் கொத்தியைச் சம்மட்டியாகவும், உருட்டுக்கொக்கியைக் கடப்பாரையாகவும் பயன்படுத்தித் திருப்பித் தருவார்கள். வந்ததும் தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், காம்பில் விரலை ஓட்டிக் கீறல் தேடுங்கள். ஆடினால் ஆப்பு வைத்து இறுக்கிய பிறகுதான் அடுத்த கட்டை. முறியாமல் நின்ற என் முதல் உருட்டுக்கொக்கி மூன்று வருஷமாக இரவலில் இருக்கிறது. இப்போது வைத்திருப்பது இரண்டாவது.